டிஸ்க்கில் குடிவந்த அம்மன்

“சாமி படத்த உள்ள வெச்சது யாரு? நாங்களா வெச்சோம்?”

“வெறும் பொருள ஊட்டுக்குள்ள கொண்டாந்து குடுத்தது யாரு? அத மொதல்ல சொல்லுங்க சம்மந்தி!”

“புது டிஸ்க்கு வெறுமையாத்தான் வரும். பின்ன இன்னா, உள்ள சக்கரப் பொங்கல் வெச்சா விப்பாங்க?”

“உங்க புள்ள கம்ப்யூட்டர் படிச்சவருதானே? எது புதுசு எது பழசுன்னு அவருக்குத் தெரியாதா?”

“எம்புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. லீவு நாள்ல ஓசியில வந்து வேல பாத்தான் பாருங்க, அவன சொல்லணும்!”

முதலில் கத்தியவள் அருணா, மாப்பிள்ளையின் அம்மா, திருநின்றவூர்க்காரி. பதிலுக்குக் கத்தியவள் சந்திரகலா, பெண்ணின் அம்மா. இடம், புதுகும்மிடிப்பூண்டியில் சந்திரகலா வீட்டு முன்னறை. பைபாஸில் போகிற டிரெய்லர் லாரிகளின் இரைச்சலையும் தாண்டி இந்தச் சத்தம் எதிர்வரிசைக்குக் கேட்டது. எதிர்வீட்டுக் கன்னியம்மா உடனே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உறைமோர் கேட்க வந்துவிட்டாள். அவள் வீட்டிலேயே இரண்டு மாடு கறக்கிறது என்பது தெருவுக்கே தெரியும்.

கத்துகிற இருவருக்கும் நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள் ரம்யா. அவள்தான் கல்யாணப் பெண். திரையில் ஒரே ஒரு படம் இருந்தது. பெரியபாளையத்து பவானியம்மன், வேப்பிலை அலங்காரத்தில். அதில் மாட்டியிருந்த அவள் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் வேறு எதுவுமே இல்லை.

விஷயம் இதுதான். ரம்யாவின் தொழில் ஃபிளெக்ஸ் டிசைன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் வார்த்தல், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள் முதலில் வருவது இந்த முன்னறைக்குத்தான். ஃபிளெக்ஸில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. கீழே வரிசையாக நிற்கிற தலைகளைத்தான் பார்ப்பார்கள். தாய்மாமன் தலை, பங்காளிகள் தலை, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தலை. ஒரு தலை விட்டுப்போனால் அந்தக் குடும்பம் விசேஷத்துக்கு வராது. வந்தாலும் பந்தியில் உட்காராது. அதனால் ரம்யா ஒவ்வொரு தலையையும் முடிப்பிசிறு தெரியாமல் ஒருமுறை வெட்டியெடுத்து, பெயர் போட்டு வைத்துவிடுவாள். வழுக்கைக்குக் கொஞ்சம் நிழல், நரைக்குக் கொஞ்சம் கறுப்பு, கேட்டவருக்குக் கூலிங் கிளாஸ். அடுத்த விசேஷத்துக்கு ‘நம்ம தலையப் போட்டுரும்மா’ என்று ஒரு போன் அடித்தால் போதும். ஆள் செத்தாலும் அதே தலைதான். கூலிங் கிளாஸை மட்டும் கழற்றிவிடுவாள். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, ஊரில் பாதித் தலைகள் அவள் கம்ப்யூட்டரில் இருந்தன.

ஆவணியில் பூ வைத்தபோது ரம்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இந்த கம்ப்யூட்டரும் எங்கூட வரும். அங்க வந்தும் நான் வேல செய்வேன்.”

“அதுக்கின்னா கண்ணு, பாத்துக்கலாம்” என்றாள் அருணா.

‘பாத்துக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் தெரியாதவர் கிடையாது. ரம்யாவுக்கும் தெரியும். ஆனால் அதற்கப்புறம் மாப்பிள்ளை பரத்தே போனில் பேசினான். அவன் சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஐ.டி. செக்‌ஷன். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது, ஆன் பண்ணிவிட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தால்தான் திறக்கிறது, உள்ளே டிக் டிக்கென்று சத்தம் வேறு என்று ரம்யா சொல்லியிருந்தாள்.

“டிஸ்க்கு சாவப் போவுது ரம்யா, அந்த சத்தம்தான். நானே எஸ்.எஸ்.டி.ன்னு ஒரு புது டிஸ்க்கு வாங்கியாறேன். விண்டோஸு, போட்டோஷாப்பு, ஃபான்ட்டு, ஃபைலு, எல்லாத்தையும் அப்டியே அதுக்கு மாத்திரலாம். ஊடு காலி பண்ற மாதிரி, ஒரு ஆணி கூட உடாம. ஆன் பண்ணா உன் பழைய ஊடாவே இருக்கும், இன்னா, கதவு மட்டும் சீக்கிரம் தொறக்கும்.”

அப்படி அப்படியே மாற்றினால்தான் ரம்யாவுக்கு ஆகும். பழைய தமிழ் ஃபான்ட்டுகளையும் போட்டோஷாப்பையும் ஏற்றிக் கொடுத்தவன் குவைத்துக்குப் போய்விட்டான். புதிதாக ஏற்ற ஆளில்லை. வேறொரு நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று அப்புறம் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூடத் தம் வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வைத்தவர் இல்லை.

எப்படியோ, பரத் சொன்ன அந்த ‘ஒரு ஆணி கூட உடாம’ ரம்யாவுக்குப் போதுமாக இருந்தது. மாமியார் ‘பாத்துக்கலாம்’ என்று சொன்னதற்கு மாப்பிள்ளை கொடுத்த நல்ல பதில் இந்த டிஸ்க்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இனிமேல் மூடப்போகிற கடைக்கு யாராவது புதுப் பூட்டு வாங்கித் தருவார்களா?

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் பரத் டப்பாவைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். டப்பா நேராகச் சாமி மாடத்துக்குப் போனது. சந்திரகலா அதன் மேல் குங்குமம் வைத்தாள். கையில் எடுத்துப் பார்த்தாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

“உள்ள இன்னாடி இருக்குது?”

“ஒண்ணும் இல்லம்மா. காலி.”

“காலியா? மாப்ள ஊட்லேர்ந்து மொத மொத வர்ற பொருளு, காலியா? புது ஊட்டுக்குப் போனா உப்பு, மஞ்சள் எடுத்துக்கினு போறோம். புதுக் கொடம் வாங்கியாந்தா ஒரு சொம்பு தண்ணியாவது ஊத்தி வெக்கிறோம். இத வெறுமையா வெக்கிறதா?”

“டிஸ்க்குல எங்கம்மா உப்பு போடறது?”

“உப்பு வாணாம். நம்ம பெரியாளத்தம்மன வெய்யி. ஒரே ஒரு படம். அப்பறம் உன் இஷ்டம்.”

ரம்யா சிரித்துக்கொண்டேதான் செய்தாள். டிஸ்க்கைக் கேபிளில் மாட்டி, போன ஆடியில் தான் எடுத்த அம்மன் படத்தை அதில் போட்டு, திரும்ப டப்பாவில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பரத்திடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் மாற்றும்போது அந்தப் படம் அழிந்துவிடும், அது அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பரத் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். பட்டுப்புடவை விஷயம் பேச அருணா வந்தாள். அவன் கம்ப்யூட்டரைப் பிரித்து, திருகாணிகளைச் சில்வர் தட்டில் போட்டு, இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டி, தான் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து ஆன் பண்ணினான். ரம்யா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூடு ஆறவில்லை, உள்ளேயிருந்து சந்திரகலா கூப்பிட்டுவிட்டாள்.

“பூ வெச்ச பொண்ணு மாப்ள பக்கத்துல ஒட்டிக் குந்திக்கினு இருந்தா எதுத்தூட்டுக்காரி இன்னா பேசுவா? வா, வந்து இறால உரி.”

எதிர்வீட்டுக்காரி எப்படியும் பேசத்தான் போகிறாள். ரம்யா இறால் உரிக்கப் போனாள்.

அப்புறம் அந்த அறையில் இருந்தவர்கள் பரத்தும், செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ரம்யாவின் தகப்பனார் அப்பாவுவும்தான். அவருக்கு நெல் விவசாயம் தெரியும். மற்ற விஷயங்களில் அவர் மாப்பிள்ளை கட்சி. திரையில் இரண்டு டிஸ்க் காட்டியது. இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் ஏதோ ஃபைல் இருப்பதாகக் காட்டியது. இன்னொன்றைக் காலி என்றது. உண்மையில் அந்தக் காலிதான் பழைய டிஸ்க். அரை உயிராகக் கிடந்த அது, தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது. ஃபைல் இருந்தது புதிது. அந்த ஃபைல் அம்மன்.

பரத்துக்குக்கூட ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. “மாமா, புதுச யாரும் தொடலியே?”

“சீலு கூட பிரிக்கல மாப்ள” என்றார் அப்பாவு. அவர் சீலையும் பார்க்கவில்லை, பிரித்ததையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்வதுதான் மரியாதை என்பது அவர் கொள்கை.

டிஸ்க்குகளின் கம்பெனிப் பெயர் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது. மாமனார் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்த மாப்பிள்ளை பொடி எழுத்தைப் படிப்பான்? ஃபைல் இருப்பது பழசு, காலியாக இருப்பது புதுசு என்று முடிவு கட்டினான். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, வெற்றிடம் உட்பட மூலைமுடுக்கெல்லாம் நகலெடுக்கிற முறையைத் தேர்ந்தெடுத்தான். ‘அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. திரும்பவும் கேட்டது. இரண்டு தடவையும் சம்மதம் சொன்னான். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவன் அவ்வளவு தெளிவாகச் சம்மதம் சொல்லவில்லை என்று அப்புறம் கன்னியம்மா சொன்னாள்.

எல்லோரும் பழவேற்காட்டு இறால் தொக்கோடு சாப்பிட்டார்கள். பரத் கொஞ்சம் கண் அசந்தான். எழுந்து வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. புது டிஸ்க்கை மட்டும் வைத்து ஆன் பண்ணினான், கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அதைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தான். அம்மன். பழையதை மாட்டினான். அம்மன். ஒரு புள்ளி பிசகாமல் அச்சு அசலாக. அந்த மட்டும் வேலை சுத்தம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சந்திரகலா அம்மன் வந்த கதையைச் சொன்னாள். அருணா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கன்னியம்மா உறைமோருக்கு வந்தது.

“எதுத்தூட்டு மனுஷி நிக்கிறாங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க” என்றார் அப்பாவு.

“நான் ஒண்ணும் கேக்கலண்ணா, நீங்க பேசுங்க” என்றாள் கன்னியம்மா. கிண்ணம் அப்படியே கையில் இருந்தது.

“இந்தப் பொண்ணு ஊட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எம்புள்ளைக்குக் கெட்ட பேரு” என்று அருணா கண்ணைத் துடைத்தாள்.

“எம்பொண்ணு சேத்து வெச்சது மொத்தமும் போச்சு, நீங்க அழுவுறீங்க!”

ரம்யாவுக்கு இவர்கள் பேசுவது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அழித்தவன் மேல்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் அம்மா வைக்கச் சொன்னாள், அவள் வைத்தாள், சொல்லாமல் விட்டாள். அவன் பார்க்காமல் விட்டான். கணக்கு எல்லார் பேரிலும் இருந்தது. பரத் அவள் பக்கம் திரும்பி, மன்னிப்பு மாதிரி ஏதாவது ஒன்று சொன்னால் போதும், தையில் கல்யாணம் நடந்துவிடும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பரத் சமாதானம்தான் சொன்னான். நல்ல பிள்ளை; சண்டை பிடிக்காதவன்.

“உடுங்க அத்த. அம்மா, நீயும் உடு. இப்ப இன்னா ஆயிப்போச்சு? எப்டியும் கல்யாணத்துக்கப்பறம் இந்த வேலையெல்லாம் யாரு பண்ணப் போறாங்க? ரெண்டு மாசம் முன்னாடியே போச்சுன்னு நெனைச்சுக்கலாம்.”

கன்னியம்மா கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“அப்ப இத எதுக்கு வாங்கினு வந்தீங்க?” என்று ரம்யா கேட்டாள். அவள் அன்றைக்கு அந்த அறையில் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“இன்னா கேள்வி இது? மெதுவா இருக்குன்னு நீதானே சொன்ன? ஊட்ல ஒரு கம்ப்யூட்டர் ஸ்பீடா இருந்தா நல்லதுதானே. படம் பாக்கலாம். நாளைக்குக் கொழந்தைங்க படிக்கும்.”

“ஒரு ஆணி கூட உடாமன்னு சொன்னீங்க.”

“அது அந்த டிஸ்க்கு பத்தி சொன்னது ரம்யா.”

“ஓகோ” என்றாள் ரம்யா.

அவள் எழுந்து, லேப்டாப்பிலிருந்து புது டிஸ்க்கைக் கழற்றி, குங்குமம் வைத்த டப்பாவில் போட்டு அவனிடம் நீட்டினாள். “எடுத்துக்கினு போங்க. உள்ள அம்மன் இருக்கறா, பத்திரம்.”

“நைனா, நீயே சொல்லு” என்று அப்பாவிடம் திரும்பினாள். “நான் போற ஊட்டுக்கு என் வேல வரலன்னா, நான் மட்டும் எதுக்குப் போவணும்?”

அப்பாவு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை முகத்தில் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை.

டப்பாவை பரத் கையில் வாங்குவதற்குள் சந்திரகலா குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டாள். “வெளக்கு வெக்கிற நேரத்துல சாமிய வெளிய அனுப்பறதா? நாளைக்குப் பாத்துக்கலாம்.” திருநின்றவூர்க்காரர்கள் வெறுங்கையோடு ரயிலேறினார்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெரியவர்கள் நடுவில் நின்று பேசினார்கள். சம்மந்தம் முறிந்தது; பூ வைத்தபோது வந்த புடவை, வளையல், வெள்ளித் தட்டு எல்லாம் வந்த வழியே போயின. டிஸ்க் மட்டும் போகவில்லை. எம்புள்ள வாங்கின பொருள் அது, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் காலியாக அனுப்புங்கள் என்று அருணா சொல்லியனுப்பினாள்.

“அம்மன அழிக்கிறதா? என் கையால நடக்காது” என்றாள் சந்திரகலா.

“நான் அழிக்கிறேன். ஒரு பட்டன்தாம்மா.”

“உன் கையாலயும் நடக்காது. நீ என் வவுத்துல பொறந்தவ.”

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பெரியபாளையம் போய், டிஸ்க்கை அம்மன் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். வேண்டுதலுக்குத் தாலியையே கழற்றிப் போடுகிற உண்டியலில் இதுவும் ஒன்றாகக் கிடக்கட்டும். வேண்டுமானால் அருணா அம்மனிடமே கேட்டுக்கொள்ளட்டும். அந்த வீட்டில் அவர் சொந்த மூளையால் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று தெரு ஒப்புக்கொள்கிறது.

ரம்யா வேறு டிஸ்க் வாங்கினாள். புதிது என்று அதன் முதுகிலேயே மார்க்கரால் எழுதினாள். அம்மா மனசு கோணாமல் இதிலும் முதலில் அம்மனை வைத்தாள். வீடியோ பார்த்துப் பார்த்து அவளே விண்டோஸ் ஏற்றினாள், போட்டோஷாப் ஏற்றினாள். ஃபான்ட்டுகளுக்குக் குவைத்துக்கு எத்தனையோ மெசேஜ் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஃபிளெக்ஸ் அடிக்கிற கவரைப்பேட்டை யூனிட்டில் பழைய ஃபைல்கள் இருக்கிறதா என்று ஆபரேட்டர் சாம்சனைக் கேட்டாள். அவன் சோம்பேறி. “டெலிட் பண்றதும் ஒரு வேலதானேக்கா, நான் எதுக்குப் பண்ணணும்?” என்று வந்த ஃபைல்களையெல்லாம் அப்படியே குவித்து வைத்திருந்தான். கொஞ்சம் அங்கே கிடைத்தது. மீதித் தலைகளைத் திரும்ப வெட்டித்தான் ஆகவேண்டும்.

செய்தி பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். “என் தலையும் போச்சாம்மா?” என்று கேட்டுவிட்டு, சிலர் இதுதான் சாக்கென்று பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவைக் கொடுத்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் கோபால். பைபாஸ் ஓரத்து லாரி எடைமேடையில் வேலை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவன் தன் தலைக்காக வரவில்லை. அப்பாவின் தலைக்காக வந்தான்.

“நெனவு நாள் வருதுங்க. அவரு போட்டோ என் போன்ல இருந்துச்சு, போனு தண்ணியில வுழுந்துடுச்சு. உங்ககிட்ட இருக்குதுல்ல, அதுதான் இருக்குதேன்னு இருந்தேன்.”

ரம்யாவிடம் இல்லை. சாம்சனிடமும் இல்லை. அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விசேஷம் முடிந்த ஃபிளெக்ஸ் எங்கே போகும்? கூரைக்குத்தான் போகும். எதிரே கன்னியம்மாவின் மாட்டுக்கொட்டகைக் கூரையில், கீற்றுக்கு மேல், போன வருஷத்துக் கண்ணீர் அஞ்சலி ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கோபாலின் அப்பாதான். நெற்றியில் காக்கை எச்சம், மற்றபடி நன்றாக இருந்தார்.

கோபால் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ரம்யா மேலே ஏறித் துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். துடைத்துவிட்டுப் படம் பிடித்தாள். கீழே நின்ற கன்னியம்மா இந்தத் தடவை கிண்ணம்கூட எடுத்து வரவில்லை. அவள் கொட்டகை, அவள் பார்க்கலாம்.

நினைவு நாள் ஃபிளெக்ஸ் நன்றாக வந்தது. அதற்கப்புறமும் கோபால் வந்தான். கழுத்துப் பக்கம் சரியா இருக்கா, சட்டைக் கலரை மாத்தலாமா என்று வந்தான். செத்தவருக்கு எத்தனை சட்டைதான் மாற்றுவார்கள் என்று தெரு யோசிக்க ஆரம்பித்தது.

மீதியெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரத் தையிலேயே கல்யாணம் செய்துகொண்டான், முகூர்த்தத்தை வீணாக்காமல். பெண் வள்ளூர், அவள் அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. இப்போது பரத் ஓசூரில் இருக்கிறானாம். அருணா திருநின்றவூரில் தனியாக இருந்துகொண்டு, புது மருமகளிடம் எதைக் கேட்டாலும் ‘பாத்துக்கலாம்’ என்கிறாள் என்று போகிற வருகிறவரிடம் சொல்கிறாளாம். சாம்சன் யூனிட்டை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். போகும்போதும் எதையும் டெலிட் பண்ணவில்லை.

ரம்யாவும் கோபாலும் பொன்னேரி பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். எந்தத் தெருப் பையன் என்று கேட்டுவிட்டு அப்பாவு அறுவடை முடிகிறவரை மகளோடு பேசவில்லை. யாரைப் பார்த்துப் பதில் சொல்வது என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை என்பார்கள் சிலர். அந்தக் கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. வைத்திருந்தால் கீழே யார் யார் தலை நிற்கும் என்பதில் இன்னொரு சண்டை வந்திருக்கும்.

இருவரும் கவரைப்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். கம்ப்யூட்டரும் போனது. பழைய முன்னறையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. குடிபோன அன்றைக்குச் சந்திரகலா மட்டும் உப்பும் மஞ்சளும் நிறைகுடமுமாக ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். ரம்யா உப்பைச் சமையற்கட்டில் வாங்கி வைத்தாள், குடத்தைச் சாமி மாடத்தில் வைத்தாள். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும், மஞ்சளோடு நின்ற அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, காபி போட்டுத் தருவதாகச் சொன்னாள்.